வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தை குடியரசுத் தலைவராகலாமா? குடியுரிமையைச் சரிபார்க்கும் முறை

கோபிசெட்டிபாளையத்திலும் பொள்ளாச்சியிலும் மகனோ மகளோ அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளுக்குச் செல்லும்போது, "அங்க பிறந்த பேரன் நம்ம நாட்டுக்குக் குடியரசுத் தலைவராக முடியுங்களா?" என்று பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. குழந்தை எந்தத் தேதியில், எந்த நாட்டில் பிறந்தது என்பதிலிருந்து இதற்கு விடை தேட வேண்டும்.

முதலில் இந்தியாவில் பிறந்தவர்களைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது அன்று இந்தியக் குடியுரிமை உடையவராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவருமே குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆகவே 1987க்குப் பின் பிறந்தவர்களுக்குத் தங்கள் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. பெற்றோரின் சான்றுகளையும் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும். 2006இல் பிறந்த ஒரு பெண்ணின் தாய் 1984இல் ஈரோட்டிலும் தந்தை 1981இல் தாராபுரத்திலும் பிறந்திருந்தால், அந்த இரண்டு பழைய சான்றிதழ்களே அவளுடைய குடியுரிமைக்கு அடித்தளம். நான் பார்த்த ஒரு கோப்பில், ஒரே தாயின் பெயர் ஒரு தாளில் பழனாத்தாள் என்றும் இன்னொரு தாளில் பழனியம்மாள் என்றும் இருந்தது. வீட்டில் அழைக்கும் பெயரையே பதிவில் எழுதிவிடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் பிறப்பைப் பதிவுசெய்த பதிவாளரிடமே திருத்தம் கோருங்கள்.

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குக் காலம் மிக முக்கியம். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால் வம்சாவளியாகக் குடியுரிமை கிடைக்கும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவை. குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும் என்பதால், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். அப்படிப் பதிவானவர் பிற நாட்டுக் குடியுரிமையையும் உடையவராக இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

இனி பதவிக்கு வருவோம். அரசமைப்பின் 58ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் இந்தியக் குடிமகனாகவும், 35 வயது நிறைந்தவராகவும், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி உடையவராகவும், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிக்காதவராகவும் இருக்க வேண்டும் என்கிறது; பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மக்களவைத் தகுதிக்கும் அப்படித்தான்: 1983இல் பதிவின் மூலம் குடியுரிமை பெற்ற சோனியா காந்தி 1999இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் வேட்பாளரை, அத்தேர்தலில் வாக்குரிமை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் 50 பேர் முன்மொழியவும் 50 பேர் வழிமொழியவும் வேண்டும். வைப்புத்தொகை 15,000 ரூபாய். திருப்பூரில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 2025இல் ஏற்ற குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்கும் வயது வரம்பு 35தான்; ஆனால் அதற்கு மாநிலங்களவைத் தகுதி வேண்டும்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே அதிபராவதற்குப் பிறப்பாலேயே குடிமகனாக இருத்தல், 35 வயது, 14 ஆண்டு வசிப்பு ஆகிய மூன்றும் தேவை. ஆகவே கோவையில் பிறந்து அங்கே குடியுரிமை பெற்ற பொறியாளர் மாநில ஆளுநராகலாம், அதிபராக முடியாது.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ (Overseas Citizen of India) அட்டை குடியுரிமை அன்று. அதை வைத்திருப்பவர் இங்கே வாக்களிக்கவோ இப்பதவிகளுக்குப் போட்டியிடவோ இயலாது. அந்த அட்டை வைத்திருக்கும் பிள்ளை வளர்ந்த பின் விரும்பினால் ஒரு வழி உண்டு: ஓசிஐ பதிவாகி ஐந்தாண்டு ஆகியிருந்து, விண்ணப்பிப்பதற்கு முன் பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால், பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம். ஆகவே ஓசிஐ பதிவான தேதியைக் காட்டும் தாளையும் பெற்றோரின் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் வையுங்கள்.