கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ஒயின்: முதல் முறை செய்பவர்களுக்கு

பெயரில்தான் ஒயின். ஈஸ்ட் சேர்க்காமல், புளிக்க வைக்காமல் செய்வதால் இதில் மது கிடையாது, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக்கோடு தட்டில் இதற்கும் ஓர் இடம் உண்டு. கேரல் ரவுண்ட்ஸில் பாடிப் பாடித் தொண்டை கட்டி வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் முதலில் நீட்டுவது இதைத்தான்.

டிசம்பர் 20 வாக்கில் செய்து வைத்தால் பண்டிகைக்குச் சரியாக இருக்கும். இஞ்சி 100 கிராம், சர்க்கரை 400 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், காய்ந்த மிளகாய் 2, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, எலுமிச்சம்பழம் 2 எடுத்துக்கொள்ளுங்கள்.

முற்றிய, நார் ஓடிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். இளசில் காரம் இருக்காது. தோல் சீவி, அளந்த தண்ணீரிலிருந்தே ஒரு டம்ளர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். அந்தச் சாற்றை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக, நீற்றின சுண்ணாம்பு போலவே மாவு படிந்திருக்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். அவசரப்பட்டு அடியையும் சேர்த்து ஊற்றினால் ஒயின் கலங்கிப்போகும், கண்ணாடி டம்ளரில் அந்தப் பளபளப்பே வராது. தயவுசெய்து இந்த அரை மணியை மட்டும் குறைக்காதீர்கள்.

அடுத்து நிறம். மொத்தச் சர்க்கரையிலிருந்து மூன்று ஸ்பூன் எடுத்து அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். தேன் நிறத்தைத் தாண்டிக் கருப்பட்டி நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் விடுங்கள். சுள்ளென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கறுத்துப் புகைந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே நல்லது. அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது.

இதிலேயே மீதித் தண்ணீர், சர்க்கரை, இஞ்சித் தெளிவு, விதை நீக்கிய மிளகாய், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு. அப்புறம் வடிகட்டி, வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பாட்டிலில் நுரை கட்டினால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பயன்படுத்த வேண்டாம்.

பரிமாறும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர். பிளம் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. கேக்கில் இருக்கும் அதே கருக்கிய சர்க்கரையும் கிராம்பும் இதிலும் இருக்கிறதே! மதியம் மட்டன் பிரியாணி சாப்பிட்டு வயிறு கனக்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் வெந்நீர் கலந்து கொடுங்கள்.