ஜீப் ஏறும் நேரமும் மாத்திரை நேரமும்

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் கூலி வேலை என்றால் பலருக்கு மலைமேல் ஏலத்தோட்டம்தான். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போவார்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் இதில் நாலே நாளில் நின்றுவிட்டால் ‘சோம்பேறி’ என்று பேர் விழும். ராத்திரி பத்து மணிக்குப் போட்ட ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை காலை நாலு மணிக்கு எழவிடாது என்பது அதே மாத்திரையைச் சாப்பிட்டுத் தேறியவருக்குத் தெரியும். அப்படித் தேறி, இன்னொருவர் வேலைக்குப் போக உதவுபவரே துணையாள்; அதற்கு அந்த அனுபவம்தான் தகுதி.

துணையாளாக நின்றால், வேலை தேடுமுன் அவரை ஏழு நாள் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், தலை தெளிந்த நேரம். தினமும் எட்டு மணிக்குத்தான் தெளிகிறதென்றால் ஜீப் வேலை இப்போதைக்கு வேண்டாம். போடியில் ஏலக்காய் பொறுக்கும் இடம், கடை, தையல் என்று தாமதமாகத் தொடங்கும் வேலையைப் பாருங்கள். அல்லது தாளை மருத்துவரிடம் காட்டி, மாத்திரையை முன்னேரத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ‘பாதியா உடைச்சுப் போடு’ என்று துணையாள் சொல்லவே கூடாது. துணையாளுக்குக் கேட்ட அளவு இவருக்குக் கேட்காது.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் திராட்சைத் தோட்ட வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம் கூடி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்பது ஆபத்து. மனநோய் மாத்திரையால் வரும் நடுக்கம், விறைப்புக்குக் கூடவே தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் வியர்வையையே குறைக்கும், உடம்புச் சூடு இறங்காது. தூக்கக் கலக்கம் உள்ளவரிடம் பூச்சிமருந்தடிக்கும் வேலையும் கவாத்துக் கத்தியும் வேண்டாம்.

‘முழுசாகத் தேறட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்காவில் உருவான ஐ.பி.எஸ். (Individual Placement and Support) என்ற வேலை உதவி முறை இதற்கு நேர்மாறு: ஆள் வேலை கேட்டால் நேராக வேலையில் சேர்த்து, சேர்ந்த பிறகும் உதவியை நிறுத்தாமல் தருவது. நம் ஊருக்கும் பொருந்தும். வீட்டில் காத்திருந்தே பலருக்கு உழைக்கும் பழக்கம் போய்விடுகிறது.

வேலையாட்களைக் கூட்டிப்போகும் கங்காணியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பில் வருவது எல்லாம் ஒரே தெரு. காலையில் சொன்னது சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ‘அண்ணே, ராத்திரி மாத்திரை சாப்பிடுறாரு, மாசம் ஒரு நாள் ஆஸ்பத்திரி போகணும், அன்னிக்கு வேற ஆள் வச்சுக்கங்க’ என்பது போதும். அதையும் அவர் சம்மதித்த பிறகே சொல்ல வேண்டும். முன்பணம் வாங்க விடாதீர்கள். நோய் கூடினால் கடனுக்காகவே வேலைக்குப் போகும்படி ஆகிவிடும். கூலி முழுவதையும் வீட்டார் வாங்கிக்கொண்டாலும் வேலை நிலைக்காது. வாரம் கொஞ்சமாவது அவர் கையில் நிற்கட்டும்.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் பாருங்கள், பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை. நன்றாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு மூன்று அறிகுறிகளை எழுதி வையுங்கள்: தூக்கம் குறைவது, சாப்பாட்டை ஒதுக்குவது, கூட வேலை செய்பவர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று தோன்றுவது. ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வேலைக்கு வரவில்லையென்றால் போன் போதாது, நேரில் போக வேண்டும். ஒரு துணையாளுக்கு மூன்று நாலு பேருக்கு மேல் வேண்டாம். அலைச்சலில் தன் மாத்திரையை மறப்பது முதலில் அவர்தான்.

அரசு வேலைக்கு மனுப் போடுபவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உதவும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் ஒன்று. இடஒதுக்கீட்டுக்குப் பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். தோட்ட வேலைக்கு அதை எங்கும் காட்ட வேண்டாம்.

மாத்திரை வாங்கக் கம்பத்திலிருந்து தேனி பக்கத்தில் உள்ள க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அந்த நாளைக் கங்காணியிடம் சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் ஆளில்லாமல் தவித்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.