லத்தீன் பயிற்சித் தாள் செய்கிறீர்களா? பென்சிலுக்கு இடம் விடுங்கள்

நான் முதலில் செய்த லத்தீன் தாளில் எல்லாமே இருந்தது. பெயர்ச்சொற்களின் ஐந்து வகுப்புகள், ஆறு வேற்றுமைகள், ஒருமை, பன்மை என்று மொத்தத்தையும் எட்டு பாயின்ட் எழுத்தில் ஒரே ஏ4 பக்கத்தில் அடைத்திருந்தேன். பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால் பார்க்க அழகாகவே இருந்தது. என்னோடு லத்தீன் படித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கு அனுப்பினேன். நால்வரும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். ஒரு மாதம் கழித்து 'ரொஸ' (ரோஜா) என்ற சொல்லின் பன்மை வடிவங்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் வரவில்லை.

அட்டவணை கண்ணுக்கு, பயிற்சித் தாள் கைக்கு. நான் முன்னதைச் செய்துவிட்டு அதற்குப் பின்னதின் பெயரை வைத்திருந்தேன். அட்டவணை எந்த இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலும் கிடைத்துவிடும். படிப்பவர் பென்சில் பிடித்து எழுதுவதற்கான தாள்தான் கிடைப்பதில்லை. அதனால் இப்போது ஒரு தாளைத் தொடங்கும்போது முதலில் எழுதிக்கொள்வது ஒரே ஒரு வரிதான்: "இந்தத் தாளை முடித்தவருக்குப் புதிதாக என்ன செய்ய வரும்?" பதிலில் 'மற்றும்' என்ற சொல் வந்தால் அதை இரண்டு தாளாகப் பிரித்துவிடுகிறேன்.

முதல் வேலை: மேக்ரான்

லத்தீனில் உயிரெழுத்தின் நீளத்தைக் காட்ட அதன் தலைமேல் ஒரு சிறு கோடு போடுவார்கள். அதுதான் மேக்ரான். இது இல்லாமலே அச்சிட்ட தாள்கள் நிறைய உலவுகின்றன. தமிழ் படித்தவருக்கு இதன் அருமையை விளக்கவே வேண்டாம். கல்லும் காலும் ஒன்றா? லத்தீனிலும் அப்படித்தான். 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். 'ஒஸ்' எலும்பு, 'ஓஸ்' வாய். 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். 'ரொஸ' என்றால் எழுவாய், 'ரொஸா' என்று நீண்டால் வேற்றுமையே மாறிவிடும். குறில் நெடில் நம் காதில் ஊறிய விஷயம். கோடு போடாத தாளைக் கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வரக்கூடிய ஒன்றை நாமே மறைத்துவைப்பது போலாகும்.

அப்படியானால் லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு முழுத் தொகுப்பே செய்து பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை. நெடில் துல்லியமாக வருகிறது, ஆனால் மெய்யெழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். குடிக்கிறான் என்பதற்கான சொல்லைப் 'பிபித்' என்று எழுதினால் அந்த 'ப' வல்லொலியா மெல்லொலியா என்று படிப்பவருக்குத் தெரியாது. தந்தையைக் குறிக்கும் 'பதெர்' சொல்லில் நடுவிலுள்ள தகரத்தை நாம் தானாகவே மெலித்துவிடுவோம். வன்மைக்காகப் 'பத்தெர்' என்று எழுதினால் லத்தீனில் இல்லாத இரட்டை மெய் வந்துவிடும். ஆகவே தாளில் லத்தீன் சொல் லத்தீன் எழுத்தில், மேக்ரானோடு. விளக்கமும் பொருளும் தமிழில்.

மேக்ரான் எழுத்தைத் தட்டச்சு செய்வது கடினமில்லை. கைப்பேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும். லிப்ரே ஆஃபீஸின் ரைட்டரில் 0101 என்று அடித்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேல்கோடிட்ட ā எழுத்து வந்துவிடும். 0113 அடித்தால் ē. ஐந்தாறு எழுத்துகளையும் ஒரு கோப்பில் போட்டுவைத்து நகலெடுத்து ஒட்டுவது இன்னும் எளிது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சில இடங்களிலிருந்து நகலெடுத்த உரையில் எழுத்து தனி, மேல்கோடு தனி என்று இரண்டு குறியீடுகளாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சில எழுத்துருக்களில் கோடு பக்கத்தில் நழுவி நிற்கும், தேடினாலும் சொல் சிக்காது. ஒரே வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவில் ஜென்டியம் எனக்குப் பிடித்தது. மேக்ரான் தெளிவாக நிற்கும், திறந்த உரிமத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஈபி காராமண்ட் இன்னும் அழகு. ஆனால் கோடுகள் மெல்லியவை, மை குறைந்த அச்சுப்பொறியில் மங்கிவிடுகின்றன. தமிழுக்கு நோட்டோ. ஒரே பாயின்டில் போட்டால் தமிழ் பெரிதாகத் தெரிந்து லத்தீனை அமுக்கிவிடும். நான் லத்தீனை 13-லும் தமிழை 11-லும் வைக்கிறேன்.

ஒரு தாள், கிட்டத்தில்

'ரொஸ' வகுப்புக்கு நான் செய்த தாளையே எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கம்.

முதல் பக்கத்தில் கட்டம். வேற்றுமைக்கு ஒரு வரிசை, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒவ்வொரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லின் அடிப்பகுதி மட்டும் சாம்பல் நிறத்தில் அச்சாகியிருக்கும், ஈற்றைப் படிப்பவர் எழுத வேண்டும். வரிசையின் உயரம் 9 மில்லிமீட்டர். 7-க்குக் கீழே போனால் கையால் மேக்ரான் போட இடம் இருக்காது, இடம் இல்லாவிட்டால் யாரும் போடமாட்டார்கள். சாம்பல் நிறம் பாதிக் கறுப்பாவது இருக்கட்டும். வெளிறிய சாம்பல் திரையில் இதமாகத் தெரியும், மை சேமிக்கும் அச்சில் காணாமலே போய்விடும்.

வேற்றுமைகளின் வரிசையில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். அமெரிக்கப் பாடநூல்களில் பெரும்பாலும் நாமினேட்டிவுக்கு (எழுவாய்) அடுத்து ஜெனிட்டிவ் (உடைமை) வரும். பிரிட்டிஷ் வழக்கத்தில் அக்யூசேட்டிவ் (செயப்படுபொருள்) மேலே ஏறிவிடும். நான் பிரிட்டிஷ் வரிசையைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே மாதிரியான வடிவங்கள் அதில் அடுத்தடுத்து வந்து உட்காருகின்றன. அஃறிணைப் பாலில் 'பெல்லும்' (போர்) எழுவாயாகவும் அதே வடிவம், செயப்படுபொருளாகவும் அதே வடிவம். பன்மையில் டேட்டிவும் அப்லேட்டிவும் எப்போதும் ஒன்றே. பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும். உங்கள் மாணவரின் பாடநூல் வேறு வரிசையில் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இரண்டு வரிசையில் படிப்பது வீண் குழப்பம்.

இடது ஓரத்தில் தமிழ் வேற்றுமை எண்ணையும் உருபையும் சேர்த்தேன். அக்யூசேட்டிவுக்கு நேரே '2, ஐ'. டேட்டிவுக்கு '4, கு'. ஜெனிட்டிவுக்கு '6, உடைய'. வொகேட்டிவ் நம் எட்டாம் வேற்றுமை, விளி. அப்லேட்டிவில் மட்டும் மூன்று எண்களைச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. நாம் மூன்று, ஐந்து, ஏழு என்று பிரித்துவைத்ததை லத்தீன் ஒரே வடிவத்தில் வைத்து, தேவையான இடத்தில் முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்க்கிறது. 'கும் அமீகோ' நண்பனுடன், 'எக்ஸ் ஸில்வா' காட்டிலிருந்து, 'இன் ஸில்வா' காட்டில். இந்த மூன்று எடுத்துக்காட்டும் கட்டத்துக்குக் கீழேயே இருந்தால் போதும், தனி விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கம் அதே கட்டம், ஆனால் எழுவாய் வடிவமும் ஜெனிட்டிவும் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கும். அடிப்பகுதியைக் கண்டுபிடிப்பதும் படிப்பவர் வேலை. அரசனைக் குறிக்கும் 'ரேக்ஸ்' போன்ற சொற்களில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்: 'ரேகிஸ்' என்ற ஜெனிட்டிவைப் பார்த்தால்தான் அடிச்சொல் தெரியும். இதனாலேயே சொல் அட்டைகளில் பெயர்ச்சொல்லை ஜெனிட்டிவ் இல்லாமல் அச்சிடவே கூடாது என்பது என் கட்சி. வினைச்சொல்லுக்கும் இப்படித்தான். 'அமோ, அமாரெ, அமாவீ, அமாதும்' என்று நான்கையும் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் பக்கத்தில் வாக்கியங்கள். அதில் ஒன்று: 'நௌத ஃபீலியை ரொஸம் தத்.' மாலுமி மகளுக்கு ரோஜாவைக் கொடுக்கிறான். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையிலேயே நிற்கிறது. ஆங்கிலம் வழியாக லத்தீன் படிப்பவர்கள் வினை கடைசியில் வருவதைப் பழகத் தனியே பாடுபடுவார்கள், நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அதனால் வாக்கியத்துக்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒரு சிறு கோடு போட்டு, அதன்மேல் தமிழ்ச் சொல்லை எழுதச் சொன்னேன்.

முதல் ஆள் எழுதியது: 'மாலுமி மகளை ரோஜாவுக்குக் கொடுக்கிறான்.' கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. 'ஃபீலியை' என்ற சொல்லின் ஈற்றொலி நம் இரண்டாம் வேற்றுமை உருபு போலவே காதில் விழுகிறது! லத்தீனில் அது நான்காம் வேற்றுமை. ஆறாம் வேற்றுமையும் அதுவே, பன்மை எழுவாயும் அதுவே. வெளிநாட்டுத் தாள் எதிலும் இந்தக் குழிக்கு எச்சரிக்கை இருக்காது, தமிழ்க் காதுக்கு மட்டும் உள்ள குழி இது. உடனே அந்தப் பக்கத்தின் மேல்பாதியை அழித்துவிட்டு, அந்த ஈறு வரும் சொற்களாகவே எட்டு வாக்கியங்கள் போட்டேன். ஒவ்வொன்றிலும் 'கு'வா, 'உடைய'வா, 'கள்'ளா என்று வட்டமிட வேண்டும். நான் செய்ததில் உருப்படியான பக்கம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வினைமுற்றுத் தாளில் நமக்கு இன்னொரு வசதி உண்டு. 'அமோ' விரும்புகிறேன், 'அமாஸ்' விரும்புகிறாய், 'அமாமுஸ்' விரும்புகிறோம். ஈற்றிலேயே யார் என்று தெரிந்துவிடுகிறது, 'நான்', 'நீ' எழுதத் தேவையில்லை. ஈற்றை ஈற்றோடு கோடிட்டுப் பொருத்தும் பயிற்சி போதும். ஆனால் விடைத்தாளில் கவனமாக இருங்கள்: 'அமத்' என்றால் விரும்புகிறான், விரும்புகிறாள், விரும்புகிறது மூன்றும் சரியே. நான் முதலில் ஒன்றை மட்டும் விடையாகப் போட்டதால், சரியாக எழுதிய ஒருவர் அழித்துவிட்டுத் திருத்தி எழுதியிருந்தார். பார்க்கவே வருத்தமாக இருந்தது.

அச்சுக்குப் போகுமுன்

விடைகளைத் தாளின் பின்புறம் அச்சிடாதீர்கள், மெல்லிய தாளில் ஊடுருவித் தெரியும். தனிப் பக்கமாகக் கொடுங்கள். சொல் பட்டியலுக்கு வேறு வழி இருக்கிறது: இடதுபுறம் லத்தீன், வலதுபுறம் தமிழ், நடுவில் புள்ளிக்கோடு. கோட்டில் மடித்தால் விடை மறையும், விரித்தால் தெரியும்.

உங்கள் தாளை ஏ4-இல் அச்சிடுபவரும் இருப்பார், லெட்டர் தாளில் அச்சிடுபவரும் இருப்பார். ஏ4 அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் அதைவிடச் சற்று அகலம், ஆனால் சுமார் 18 மில்லிமீட்டர் குட்டை. எல்லாவற்றையும் 190க்கு 260 பரப்புக்குள் வைத்துக்கொண்டால் இரண்டிலும் வெட்டுப்படாது.

சொல் அட்டை செய்வதென்றால் ஒரு ஏ4 தாளில் எட்டு அட்டை கச்சிதமாக வரும், ஒவ்வொன்றும் ஏ7 அளவு. இருபுறம் அச்சிடும்போது பின்பக்கத்தில் இடது பத்தியையும் வலது பத்தியையும் இடம் மாற்றி வைக்க வேண்டும், அச்சுப்பொறியில் நீள விளிம்பில் திருப்பும்படி சொல்ல வேண்டும். இதை மறந்து நான் வெட்டிய 40 அட்டைகளில் எலும்பின் பின்னால் ஆப்பிள் இருந்தது. அளவைச் சுருக்காமல் 100 விழுக்காட்டில் அச்சிடச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள்.

வண்ணத்தை நம்பாதீர்கள். ஆண்பால் நீலம், பெண்பால் சிவப்பு என்று போட்டால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். அட்டையைச் சுற்றியுள்ள கோட்டின் வகையை மாற்றுங்கள்: ஒன்றுக்கு முழுக்கோடு, ஒன்றுக்குப் புள்ளிக்கோடு, ஒன்றுக்கு இரட்டைக்கோடு.

கொடுப்பது பிடிஎஃப்பாகவே இருக்கட்டும், எழுத்துரு உள்ளே பதிந்திருக்க வேண்டும். ஒருமுறை ரைட்டர் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டேன். எழுத்துரு இல்லாத கணினியில் மேக்ரான் எழுத்தெல்லாம் வெற்றுக் கட்டமாக அச்சாகியிருந்தது. மூலக் கோப்பையும் கூடவே வையுங்கள், யாராவது திருத்தி மேம்படுத்துவார்கள்.

சொற்களும் உரிமையும்

எந்தச் சொற்களை எடுப்பது? டிக்கின்சன் கல்லூரி அடிக்கடி வரும் லத்தீன் சொற்கள் சுமார் ஆயிரத்தைப் பட்டியலிட்டு இலவசமாகவே தருகிறது. அதிலிருந்து தொடங்கலாம். பாடநூலின் வாக்கியங்களையும் படங்களையும் எடுக்காதீர்கள். வேற்றுமை ஈறுகள் யாருக்கும் சொந்தமில்லை, ஒருவர் எழுதிய வாக்கியம் அவருக்குச் சொந்தம். சொந்தமாகச் சிறு வாக்கியம் எழுதுவது ஒன்றும் பெரிய காரியமல்ல. நெடிலில் சந்தேகம் வந்தால் 1879-இல் வந்த லூயிஸ், ஷார்ட் அகராதி இணையத்திலேயே இருக்கிறது. இரண்டு மெய்களுக்கு முன்னால் வரும் உயிரின் நீளத்தை அது பல இடங்களில் குறிப்பதில்லை என்பதால் அத்தகைய சொல்லை இன்னொரு அகராதியிலும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் தாளுக்கு ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுத்து அடிக்குறிப்பில் எழுதுங்கள். 'இலவசம்' என்று மட்டும் போட்டால் ஆசிரியர் ஒருவர் முப்பது படி எடுக்கலாமா, மாற்றலாமா என்று தெரியாமல் தயங்குவார். பிறரின் பட்டியலை எடுத்திருந்தால் அதன் உரிமம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். உச்சரிப்பு பழைய ரோமானிய முறையா, திருச்சபை முறையா என்பதும் அதே அடிக்குறிப்பில் இருக்கட்டும். அப்புறம் பதிப்பு எண்ணும் தேதியும். பிழை வரும், வந்தால் எந்தப் பதிப்பில் என்று தெரிய வேண்டும் அல்லவா?

வெளியிடுமுன் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். பென்சில் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்தக் கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஃபீலியை' விஷயம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. என் ரொஸ தாள் இப்போது ஆறாம் பதிப்பில் இருக்கிறது. அடுத்ததில் அப்லேட்டிவ் வரிசையின் உயரத்தை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் கூட்ட வேண்டும்.