ஊழியர்களை லீவு எடுக்க வைப்பது எப்படி? சின்ன அலுவலகங்களுக்கான செய்முறை

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். இரண்டு வருடமாகக் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. கேட்டால், "நான் போயிட்டா யாரு தம்பி பார்ப்பா?" என்பார். அவருடைய லீவு வருடா வருடம் வீணாகப் போனது. யாரும் அவரைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

இப்போது பதினைந்து பேர் உள்ள அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. அவரை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை உருவாக்கினேன். உங்களிடம் ஐந்து பேர் வேலை பார்த்தாலும் இது உதவும்.

1. முதலில் கணக்கெடுங்கள்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. இதைத்தான் நாம் ஈ.எல். என்கிறோம். இதுபோக, திடீர்ச் சொந்த வேலைகளுக்கான சி.எல். 12 நாள், உடம்பு சரியில்லாததற்கு 12 நாள். ஈ.எல்.லை அதிகபட்சம் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். தொழிற்சாலை என்றால் விதிகள் வேறு. இங்கே நான் பேசுவது கடை, அலுவலகம் பற்றி.

ஒரு எக்செல் தாளில் பெயர், ஈ.எல். மீதி, கடைசியாகத் தொடர்ந்து மூன்று நாள் லீவு எடுத்த தேதி என்று மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். சிலருக்கு மீதி குறைவாக இருக்கும், நிறைய லீவு எடுத்த மாதிரித் தெரியும். ஆனால் எல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஆதார் திருத்தத்துக்கும் ஒவ்வொரு நாளாகப் போயிருக்கும். அது ஓய்வு இல்லை.

2. "எதுக்கு?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

லீவு கேட்டு வந்தவரிடம் நாம் முதலில் கேட்பதே இதைத்தான். அதனால்தான் இல்லாத பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. "எத்தனை நாள்? உங்கள் வேலையை யார் பார்ப்பார்?" இந்த இரண்டு கேள்வி போதும். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டம் இருந்தால், ஈ.எல்.லுக்கு அதை எடுத்துவிடுங்கள். நாங்கள் அந்தக் கட்டத்தை எடுத்த அன்றே ஒரு பெண் வந்து, "சும்மா வீட்டில் இருக்கத்தான் வேணும், போடலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம்.

3. மாற்று ஆளைத் தயார் செய்யுங்கள்

பாதி வேலை இந்தப் படியில்தான் இருக்கிறது. மக்கள் லீவுக்குப் பயப்படுவதில்லை. திரும்பி வரும் நாளில் மேசையில் குவிந்து கிடக்கும் வேலைக்குப் பயப்படுகிறார்கள்.

கணக்கரையே எடுத்துக்கொள்வோம். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும். 11-இல் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 15-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-இல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி (ஜி.எஸ்.டி. கட்டும் ரிட்டர்ன்). மாதாமாதம் ரிட்டர்ன் போடும் இடத்தில், மாதம் முழுக்க ஏதோ ஒரு தேதி கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: 21 முதல் மாதக் கடைசி வரை மாதாமாதம் வரும் பெரிய தேதி எதுவும் இல்லை. சம்பளப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே முடித்துவிட்டால் அந்த வாரம் அவருடையது. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடைவெளி இருக்கும். அதை அவரோடு உட்கார்ந்து நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, வங்கியில் யாரைக் கேட்க வேண்டும், பாதியில் நிற்பது எது. இதை லீவுக்கு முந்தின நாள் எழுத வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே எழுதி, மாற்று ஆள் ஒருநாள் அதை வைத்தே வேலை பார்க்கட்டும். என்ன விட்டுப்போயிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை, முன்கூட்டிச் சொல்லாமல், வருடத்தில் குறைந்தது 10 வேலை நாள் ஒரே மூச்சில் லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மோசடி நடந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக வந்த விதி அது. ஆனால் அந்த 10 நாளும் வங்கி நடக்கத்தானே செய்கிறது!

4. வருடத் தொடக்கத்திலேயே தேதி குறியுங்கள்

ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்ததும், ஒவ்வொருவரும் ஐந்து நாளாவது குறிக்கட்டும். பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் மே மாதத்தையே கேட்பார்கள். போன வருடம் கிடைக்காதவருக்கு இந்த வருடம் முன்னுரிமை. ஜூலையிலும் குறிக்காதவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ஜப்பானில் 2019 ஏப்ரலிலிருந்து, 10 நாளோ அதற்கு மேலோ லீவு உள்ளவரை ஐந்து நாளாவது எடுக்க வைப்பது முதலாளியின் சட்டக் கடமை. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை என்றாலும் வழக்கமாக்கிக்கொள்ள எது தடை?

5. நீங்கள் முதலில் போங்கள்

முதலாளி ஜுரத்தோடு வந்து உட்கார்ந்தால் கீழே இருப்பவர் வாய் திறக்க மாட்டார். நீங்கள் போகும்போது வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டுப் போங்கள், போன பிறகு அதில் பதில் போடாதீர்கள்.

6. போனவரைக் கூப்பிடாதீர்கள்

"ஒரே ஒரு நிமிஷம்" என்பதும் அழைப்புதான். உண்மையிலேயே அவசரம் என்றால் ஒரே ஒருவர், அதுவும் உங்களைக் கேட்டுவிட்டு, அழைக்கட்டும்.

எங்கள் கணக்கர் போன முறை 22-ஆம் தேதி ஊருக்குக் கிளம்பினார். மூன்றாம் நாள் ஒரு சலான் விஷயத்தில் சந்தேகம் வந்து, மாற்று ஆள் போனைக் கையில் எடுத்துவிட்டார். குறிப்புத் தாளைப் பாருங்கள் என்றேன். நான்காவது வரியில் பதில் இருந்தது.