சனிக்கிழமைச் சம்பளம் போல இரட்சிப்பை எண்ணாதீர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்த்தவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நன்றாகத் தெரியும். சம்பளக் கவர் கைக்கு வந்ததும் எண்ணிப் பார்ப்போம். புதன்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்தோமே, அரை ஷிப்ட் விட்டுப்போச்சே என்று நேராகப் போய்க் கேட்போம். கேட்பதில் தப்பே இல்லை. அது உழைத்த காசு. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று ரோமர் 4:4இல் பவுல் சொல்வது இதைத்தான்.

கிரியை என்றால் நாம் செய்கிற செயல்; கிருபை என்றால் தகுதி பாராமல் தேவன் தருகிற தயவு. பாவத்திலிருந்து தேவன் நம்மை மீட்கிற இரட்சிப்பு விஷயத்திலும், அதே கவரோடு அவரிடம் போய் நிற்பதுதான் நாம் செய்கிற முதல் தவறு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கஷ்டம் வரும்போதுதான் வெளியே வரும். "தவறாமல் ஆராதனைக்குப் போனேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுத்தேன், எனக்கு ஏன் இப்படி?" இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்தால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் கவனியுங்கள். விட்டுப்போன அரை ஷிப்டைக் கேட்கிற குரல்தான் அது. லூக்கா 18இல் வரும் பரிசேயனும் (வேதக் கட்டளைகளைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) வாரத்துக்கு இரண்டு முறை உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் என்று கணக்கோடுதான் நின்றான். அவன் பொய் சொன்னதாக இயேசு சொல்லவில்லை. ஆனால் நீதிமானாக வீடு திரும்பியவன், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன்.

"சரி, நூற்றுக்கு எண்பது நல்லதுதானே செய்திருக்கிறேன்?" என்று சிலர் கேட்பார்கள். செக்கிங் டேபிளை நினைத்துப் பாருங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் பனியனை விரிக்கிறார்கள். தையல் நேர், அளவு சரி, கழுத்துப்பட்டியும் சரி. அக்குளுக்குக் கீழே கடுகளவு ஆயில் கறை. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதே என்று யாரும் அதை ஏற்றுமதிக்கு அனுப்புவதில்லை. ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். நியாயப்பிரமாணம், அதாவது தேவன் மோசே மூலம் தந்த கட்டளைகள் முழுவதையும் கைக்கொண்டும் ஒன்றிலே தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்று யாக்கோபு 2:10 சொல்கிறது. நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று தராசில் நிறுத்துப் பார்க்கும் பேச்சு வேதத்தில் இல்லை. நமக்குப் பதிலாகக் கறையில்லாத ஒருவர் நின்றார் என்பதுதான் சுவிசேஷம்.

ஆங்கிலேய மிஷனரிகளின் லண்டன் மிஷன் காலத்திலிருந்தே நாங்கள் சபைக்காரர்கள் என்று சொல்கிற குடும்பங்கள் கோவையிலும் ஈரோட்டிலும் நிறைய உண்டு. நல்ல பாரம்பரியம்தான். ஆனால் தாத்தாவின் விசுவாசம் பேரனுக்குப் பட்டா மாறி வராது.

"இயேசு பாதி, நான் பாதி" என்பது இன்னொரு தவறு. இது பக்தி மாதிரியே தெரிவதால் பலருக்குப் பிடிபடுவதில்லை. சிலுவையில் அவர் செய்தது போக, மீதியை நான் ஞானஸ்நானத்தாலும் உபவாசத்தாலும் பொருத்தனையாலும் (நேர்த்திக்கடன்) நிரப்ப வேண்டும் என்ற எண்ணம். பிற்பாடு திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், 1505இல் மடத்தில் சேர்ந்து உபவாசம், இரவு விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை என்று எல்லாம் செய்து பார்த்தார். மனச்சமாதானம் வரவில்லை. "முடிந்தது" என்று சிலுவையில் ஆண்டவர் சொன்ன பிறகு நாம் எதைக் கொண்டுபோய் ஒட்டப் போகிறோம்? நீதி நியாயப்பிரமாணத்தால் வருமானால் கிறிஸ்து மரித்தது வீண் என்று கலாத்தியர் 2:21 நேராகவே சொல்கிறது.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருந்தார். ஆலயம் கூட்டுவது, சனிக்கிழமை பாய் உதறி விரிப்பது, வீடு வீடாய் ஜெபத்துக்குப் போவது என்று காலமெல்லாம் ஓடியவர். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செஞ்சது பத்துமா கண்ணு?" என்றார். கை நடுங்கியது. பத்தாதுங்க பெரியம்மா என்றுதான் சொன்னேன். சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. உடனே லூக்கா 23ஐ எடுத்து, சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னதை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவன் ஒண்ணுமே செய்யலியே கண்ணு" என்றார். ஆமாங்க என்றேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

கிரியையை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களும் விழுகிற குழி ஒன்று உண்டு. விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிடுவது. "என் விசுவாசம் போதுமா? அழுது ஜெபித்தேனா? அந்த நாளில் உண்மையாகத்தான் ஒப்புக்கொடுத்தேனா?" என்று ராத்திரியெல்லாம் தன்னையே தோண்டிப் பார்ப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். காவிரியில் பரிசலில் அக்கரை போகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார், இன்னொருவர் விளிம்பை இறுகப் பிடித்து நடுங்கிக்கொண்டு போவார். இரண்டு பேரையும் கரை சேர்ப்பது பரிசல்தான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கினார். ஆகவே விசுவாசத்தின் அளவைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல், யாரை விசுவாசித்தோமோ அவரைப் பாருங்கள்.

அப்படியானால் நல்லது செய்ய வேண்டியதில்லையா? வேண்டும். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்று சொல்லும் எபேசியர் 2:8, 9ஐ அடுத்து பத்தாம் வசனம் இருக்கிறது: நற்கிரியைகளைச் செய்வதற்கே கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம். பாதியில் நிறுத்தாமல் மூன்றையும் சேர்த்தே வாசியுங்கள். வேர் பிடித்த தென்னை காய்க்கும். காயைக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டு யாரும் தென்னைக்கு வேர் பிடிக்க வைப்பதில்லை. அந்தப் பெரியம்மா உதறி விரித்த பாய்களும் அப்படித்தான். ஆண்டவர் அவற்றை மறக்கவில்லை. ஆனால் பெரியம்மா பரதீசுக்குப் போனது அந்தப் பாய்களைக் காட்டி அல்ல.