லேன் போர்ட் மட்டும் உள்ள கருவியை வைஃபையில் சேர்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேன் போர்ட் என்றால் நெட் கேபிள் சொருகும் துளை. பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, கேபிளை முழுசாகச் சொருகாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். சேலத்தில் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். காசு போவது வீட்டுக்காரருக்கு. அதைச் சொல்லத்தான் இது.

யூஎஸ்பி போர்ட் இருக்கிறதே என்று வைஃபை டாங்கிள் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கீழே வேலை, மாடியில் வீடு. டிவிஆர் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) கீழே, ரவுட்டர் மேலே. "ஏன் தம்பி, டிவிஆர்ல யூஎஸ்பி இருக்குதுல்ல, டாங்கிள் சொருகுனா நெட் வரோணுமில்ல?" என்றார் பட்டறைக்காரர். மேசை மேல் ஏற்கெனவே மூன்று டாங்கிள் கிடந்தன. ஒன்று வேலை செய்யவில்லை என்றதும், ஆண்டெனா பெரிசாக இருக்கும் இன்னொன்றைக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் டிவிஆரே பழசு, மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு கேமராவும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்த பெட்டி அது!

டாங்கிள் என்பது வெறும் ரேடியோ. அதை இயக்க டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். விண்டோஸ் கணினியில் டிரைவர் போட்டுக்கொள்ளலாம். டிவிஆரிலோ பழைய டிவியிலோ நாமாக எதையும் போட முடியாது. கம்பெனி எந்தச் சிப்புக்கு டிரைவர் வைத்து அனுப்பியதோ அது மட்டும்தான் ஓடும். பல டிவிஆர்களில் அந்த யூஎஸ்பி மவுஸுக்கும், ரெக்கார்டிங்கைப் பென்டிரைவில் எடுப்பதற்கும் மட்டுமே. மாடல் நம்பரைப் பார்த்து வாங்கினாலும் முழுசாக நம்ப முடியாது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் டாங்கிளில் வெர்ஷன் 1-க்கு ஆதரோஸ் சிப், வெர்ஷன் 2-க்கு ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, டிரைவர் வேறு.

லேன் போர்ட் இருக்கும்போது யூஎஸ்பி பக்கமே போகாதீர்கள். வீட்டு வைஃபையை வாங்கி லேன் கேபிளில் கொடுக்கும் கிளையன்ட் மோட் உள்ள மினி ரவுட்டர் ஒன்று போதும். லேன் போர்ட் வைத்த ரிப்பீட்டர்களும் (வைஃபை சிக்னலைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் பெட்டிகள்) பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். முதலில் போனிலோ லேப்டாப்பிலோ அதன் செட்டிங்ஸைத் திறந்து வீட்டு வைஃபையில் சேர்த்துவிடுங்கள். பிறகு சின்ன லேன் கேபிளால் டிவிஆரோடு இணையுங்கள். டிவிஆருக்கு இடையில் வைஃபை இருப்பதே தெரியாது, கேபிள் வந்துவிட்டது என்றுதான் நினைக்கும். டிரைவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டறையில் அப்படித்தான் முடிந்தது. பழைய டிவிஆர் அதே இடத்தில் ஓடுகிறது.

கிளையன்டுக்குப் பதில் டபிள்யூஐஎஸ்பி மோட் போடுவது

இது நைசாக ஏமாற்றும். நெட் வரும், டிவியில் யூடியூப் ஓடும். ஆனால் அதே வீட்டில் போனிலிருந்து டிவிஆரின் ஐபி முகவரியைத் திறந்தால் வராது, பிரின்டர் கண்ணில் படாது. காரணம், டபிள்யூஐஎஸ்பி மோடில் அந்தக் குட்டிப் பெட்டி தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் ஒன்றையொன்று பார்க்க வேண்டிய கருவி என்றால் கிளையன்ட் மோட்தான். மெயின் ரவுட்டரும் மினி ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தாலும் முட்டிக்கொள்ளும். மினியின் ஐபியை 192.168.1.254 என்று மாற்றி, கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்துவிடுங்கள்.

அடாப்டரை (அந்த மினி ரவுட்டரை) பீரோவுக்குள் வைப்பது

இரும்புக்குள் சிக்னல் போகாது. வெளியே எடுங்கள்.

கேபிளின் நீளத்தை மறப்பது

ஏற்காட்டில் நாகலூர் ரோட்டுப் பக்கம் பழைய எஸ்டேட் பங்களாக்களில் கருங்கல் சுவர். கருவிக்குப் பக்கத்திலேயே அடாப்டரை ஒட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று தவிக்கிறார்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரமோ வாசற்படியோ பார்த்து அடாப்டரை வைத்து, அங்கிருந்து கேபிளை உள்ளே இழுங்கள். அந்தச் சுவர்களுக்கு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம்பாதீர்கள்; 2.4-தான் உள்ளே வரும்.

கேபிளை வீட்டுக்குள் இழுக்கத்தான் சொல்கிறேன். பங்களாவிலிருந்து காபி உலர்த்தும் களத்துக்கு, சில்வர் ஓக் மரம் மரமாகக் கட்டி லேன் கேபிள் கொண்டுபோகாதீர்கள். மலையில் இடி இறங்கும் மாதங்களில் அந்தச் செம்புக் கம்பி வழியாக வரும் மின்சாரம் இரண்டு முனையிலும் போர்ட்டை எரித்துவிடும். அந்த இடைவெளிக்கு வயர்லெஸ் இணைப்பு, இல்லாவிட்டால் ஃபைபர்.

டிவியின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுப்பது

யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். மினி ரவுட்டர் பலவும் 1 ஆம்பியர் கேட்கும். நன்றாக ஓடுவதுபோல் ஓடி, படம் பார்க்கும்போது அணைந்து அணைந்து வரும். தனி 5 வோல்ட் சார்ஜர் போடுங்கள்.

ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருப்பது

டபிள்யூபிஏ3 என்பது வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை; பழைய அடாப்டர் அதில் சேராது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த மிக்ஸட் மோடுக்கு மாற்றுங்கள்.