எந்தச் சங்கிலியன் என்று முதலில் கேளுங்கள்

சென்ற கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, என் அக்காவின் மகன் கைத்தொலைபேசியில் யாருடனோ வாதாடியபடி, தலையை எடுக்காமலே, “மாமா, இப்ப விட்டால் நான் தோத்ததாய்ப் போயிடும்” என்றான். தட்டில் பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. முகநூலில் பல ஆண்டுகள் வாதாடிக் களைத்த எனக்கு, அவன் விட்ட பிழைகள் ஒவ்வொன்றும் நான் முன்னர் விட்டவையாகவே தெரிந்தன. இணையத்தில் வாதாடுபவர்களுக்காக அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். தூஷணம் பேசக் கூடாது, குடும்பத்தை இழுக்கக் கூடாது என்பவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு பெயர், இரண்டு ஆட்கள்

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருவது இந்தப் பிழையில்தான். சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித் தோழர், நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளேந்தி நிற்கும் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலையின் படத்தைப் பகிர்ந்து, ‘வீரவணக்கம்’ என்று எழுதினார். மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்தவனுக்கா வணக்கம் என்று கத்தோலிக்கனான நான் கேட்டேன். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட கடைசி அரசனையா இழிவுபடுத்துகிறாய் என்று சைவரான அவர் திருப்பிக் கேட்டார். மூன்று இரவுகள் சண்டையிட்டோம். மன்னார்ப் படுகொலை 1544 இல் நடந்தது. அதைச் செய்வித்தவன் முதலாம் சங்கிலி. 1617 இல் ஆட்சியைப் பிடித்து, 1619 இல் போர்த்துக்கேயரிடம் அகப்பட்டு, கோவாவில் மரண தண்டனை பெற்றவன் சங்கிலி குமாரன். நாங்கள் இருவரும் சொன்னது உண்மை, ஆனால் சொன்னது வெவ்வேறு ஆட்களைப் பற்றி. யாழ்ப்பாண அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலையே இருவரின் கதைகளையும் ஒருவன்மேல் ஏற்றிச் சொல்வதால், நாங்கள் குழம்பியதில் வியப்பில்லை. கேட்காமல் இருந்ததுதான் குற்றம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, ஒருவர் சமயத்தை மற்றவர் ஏசி முடித்திருந்தோம். தோழர் என்னை ப்ளொக் செய்துவிட்டார். சிறுவயதில் எனக்குச் சோறு போட்ட அவருடைய தாயார் காலமானதைப் பத்திரிகையின் மரண அறிவித்தலில்தான், அதுவும் செத்தவீடு முடிந்து நான்கு நாட்களுக்குப் பின்னர், அறிந்துகொண்டேன்.

அக்காவின் மகன் மாட்டியிருந்ததும் இதே பொறியில்தான். நல்லூர்க் கோயில் அரசர் காலத்தது என்று இவனும், ஒல்லாந்தர் காலத்தில் கட்டப்பட்டது என்று மற்றவரும் மல்லுக்கட்டினர். இவன் சொன்ன கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துவிட்டனர். அவர் சொன்னது பின்னர் வேறோரிடத்தில் எழுந்து, இன்று நாம் கும்பிடும் கோயில். எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று ஒரு வரி கேட்டிருந்தால் பிட்டு ஆறியிராது.

எண்ணைப் பெருக்குதல்

1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆத்திரத்தில் அதை இரண்டு இலட்சமாக்குபவர், எரித்தவர்களைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு எண்ணைப் பற்றிப் பேச எதிராளிக்குத் தாமே வழி திறந்துவிடுகிறார்.

இரவு பதினொரு மணி

கோடையில் ரொறன்ரோவில் அது பிற்பகல் ஒன்றரை மணி. அங்கிருந்து வாதாடுபவர் தெளிவாக இருப்பார், இங்கே நீங்கள் தூங்கி வழிவீர்கள். விடிந்தபின் எழுதுங்கள்.

சாதி

நேரில் பேசுங்கள்.

ஒடியல் கூழ்

மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் இந்தக் கூழுக்குள் கோழி போடலாம் என்பவருடன் எவ்வளவு நேரமும் வாதாடலாம். நானும் வருவேன்.